இடது முன்சக்கரம்

அல்சூர் அசோகனுக்குக் கைதட்டல் என்றால் ஆகாது. கூட்டத்தில் மற்றவர்களுக்குத் தட்டும்போது அவரும் சேர்ந்து தட்டுவார், அதில் குறை வைக்கமாட்டார். தனக்கென்று யாராவது தட்டினால்தான் முகம் சுண்டிப்போகும். ஆபீஸில் சிலர் இதைத் திமிர் என்றார்கள். திமிரெல்லாம் இல்லை. காரணம் அவருடைய இடது காலில் இருந்தது.

இரண்டு வயதில் வந்த போலியோ அந்தக் காலை மெலிய வைத்து, வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டையாக விட்டுவிட்டுப் போயிருந்தது. அடிப்பாகம் உயர்த்தித் தைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நடப்பார். ஆறாம் வகுப்பில் விளையாட்டு விழா வந்தபோது நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அடம்பிடித்துப் பெயர் கொடுத்தார். மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பாதி மைதானத்தில் வந்துகொண்டிருந்தார். அப்போது ஆரம்பித்தது கைதட்டல். முதலில் வந்தவனுக்குக்கூட அப்படித் தட்டவில்லை. தலைமையாசிரியர் எழுந்து நின்று தட்டினார். கோட்டைத் தொட்டதும் அசோகன் மூச்சிரைக்க டிரில் மாஸ்டரிடம் ஓடி, "சார், என்னோட டைம் என்ன சார்?" என்று கேட்டார். டிரில் மாஸ்டர் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். நேரம் பார்க்கிற கடிகாரம் அதற்கு எவ்வளவோ முன்பே மாஸ்டரின் பாக்கெட்டுக்குள் போயிருந்தது. அசோகனுக்கு ஒரு சிறப்புப் பரிசாக டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அதை அவர் அன்று மாலையே அல்சூர் ஏரியில் வீசினார்.

அந்த 'டைம் என்ன' மட்டும் அவரை விடவில்லை. 1997-இல் அவருக்கு வயது முப்பத்தாறு. இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். மனைவி வீணா பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரான ஓஸ்வால்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகக் கார் ரேஸுக்குப் போகிற பழக்கம். ஒருநாள் அசோகனையும் இழுத்துக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே ஒரு செம்மண் மைதானம். டிரம்களையும் கொடிகளையும் வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருந்தார்கள். அதை ஆட்டோகிராஸ் என்றார்கள். இதில் யாரும் யாரோடும் முட்டி மோதி ஓடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார், எதிரே ஒரு கடிகாரம், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் ஹெல்மெட்டும் பெல்ட்டுமாக உள்ளே இருப்பார். காலை எவனும் பார்க்க முடியாது. முடித்ததும் மைக்கில் கார் நம்பரும் நேரமும் வரும்.

அசோகன் வெயிலில் நின்றபடி அந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்துகொண்டே ஓடுகிற ஓட்டம் ஒன்று இந்த ஊரில் இத்தனை நாளாக இருந்திருக்கிறது, தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

அவரிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. அதன் கிளட்ச் பஞ்சு போல இருந்ததால்தான் வாங்கினார். கியர் மாற்றும்போதெல்லாம் இடது கால் மிதிக்க வேண்டிய கட்டை அது. ஊருக்குள் ஓட்ட அந்தக் கால் போதும், அவசரமில்லை. பந்தயத்துக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

"முதல்ல சக்கரத்த மாத்துடா," என்றார் ஓஸ்வால்ட். "இந்தப் பன்னெண்டு இஞ்சு சக்கரத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவே? பதிமூணு போடு. அகலமான டயர் போடு. வண்டி அப்பிடியே மண்ணைக் கவ்விக்கும், பாரு."

மைதானத்தில் இருந்த எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பெரிய சக்கரம், அகல டயர். அசோகனும் போட்டார். வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஓடின லட்சணம்தான் சகிக்கவில்லை. கொண்டை ஊசி மாதிரி வளைகிற இடத்தில் வேகம் குறைந்ததும் இரண்டாம் கியரில் வண்டி விக்கித் திணறியது. முதல் கியருக்கு இறக்க வேண்டும், அதற்குக் கிளட்ச்சை மிதிக்க வேண்டும். இடது கால் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் நின்றே போனது. மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி நின்று, எல்லாரையும்விட அதிக நேரம் எடுத்து முடித்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஓஸ்வால்ட் நல்ல எண்ணத்தில் முன்கூட்டியே மைக்காரரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தார். அந்த மைக்காரர் ஆராவமுதன், ரிட்டயர் ஆன காலேஜ் வாத்தியார், மனசு இளகினவர், குரலும் கணீரென்று இருக்கும். "கால் ஊனத்தையும் பொருட்படுத்தாமல் நம்மிடையே வந்திருக்கும் இந்த வீரருக்கு எல்லாரும் பலமாகக் கைதட்டுங்கள்!" என்று முழங்கினார். மைதானமே தட்டியது. விழுந்த டிரம்களைத் தூக்கி வைக்கிறவர்கள்கூடக் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். நேரத்தை மட்டும் வாசிக்க மறந்துவிட்டார்.

அசோகன் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் பஸ்ஸிலேயே ஆபீஸுக்குப் போய் வந்தார். "போதும் விடுங்களேன், வேற ஏதாவது செய்யலாம்," என்றாள் வீணா. "இல்ல. ஒரே ஒரு தடவ, கார் நம்பரும் டைமும் மட்டும் வாசிக்கணும். அதுக்கப்புறம் விட்டுடறேன்," என்றார் அவர்.

மூன்றாம் நாள் அவருடைய கவனத்தை வேறொன்று இழுத்தது. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவருக்குத் தெரியும், தினம் பார்க்கிற மீட்டர்தானே. பெரிய சக்கரம் போட்ட பிறகு அதே ரோட்டுக்கு மீட்டர் குறைவாகக் காட்டியது. ஆபீஸ் கிட்டே வந்துவிட்டதா? இல்லை. அப்படியானால் சக்கரம்தான் ஏதோ கணக்கை மாற்றியிருக்க வேண்டும். கோபம் இருந்த இடத்தில் இப்போது ஆர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தார். தெருவில் அவர் வண்டி எப்போதும் இடது பக்கம் சாக்கடையை ஒட்டித்தான் நிற்கும். அதனால் வலது முன்சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார், அதற்கு நேரே தரையிலும் ஒரு கோடு. வீணாவை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார். சக்கரம் பத்துச் சுற்று சுற்றி நின்ற இடத்தில் ஒரு கல். பிறகு பழைய சக்கரங்களை மாட்டி மறுபடியும் அதே பத்துச் சுற்று. இந்தத் தடவை வண்டி கல்லுக்கு ஒரு பெரிய எட்டு முன்னாலேயே நின்றுவிட்டது.

எதிர்வீட்டுச் சந்திரம்மா போட்ட கோலத்தின் மேல்தான் அந்தக் கல் இருந்தது. "ஏனப்பா இது, கார வச்சிக்கினு பாண்டி ஆடறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள். அசோகன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பூட்ஸ் தைப்பவர் அடிப்பாகத்தைக் கூடுதலாக உயர்த்திவிட்டார். எட்டு நீளமாகத்தான் விழுந்தது, ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் காலைத் தூக்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பெரிய சக்கரமும் அதேதான். ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் அதைச் சுற்றவைக்க என்ஜின் படாத பாடு படும். வளைவில் வண்டி விக்கியது அதனால்தான்.

அப்படியானால் சக்கரத்தைச் சின்னதாக்கினால்? வளைவிலும் இரண்டாம் கியரே இழுக்கும். முதல் கியர் வேண்டாம். கிளம்பும்போது ஒரு தடவை, இரண்டாம் கியருக்கு ஒரு தடவை, அதோடு கிளட்ச்சுக்கு வேலை முடிந்தது. இடது கால் சும்மா இருக்கலாம். நேரான இடத்தில் என்ஜின் கத்தும், கொஞ்சம் வேகம் குறையும். குறைந்துவிட்டுப் போகட்டும், அந்த மைதானத்தில் நேரான இடமே கொஞ்சம்தான். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் காலுக்குத் தகுந்த மாதிரி ஒன்றை அமைக்கிற வழி அவர் கையிலேயே இருந்தது.

அந்த வாரம் முழுக்க டயரில் எழுதியிருக்கிற எண்களோடு மல்லுக்கட்டினார். 145/70 R12. நூற்று நாற்பத்தைந்து என்பது மில்லிமீட்டரில் அகலம், பன்னிரண்டு என்பது அங்குலத்தில் சக்கரம். சரி, அந்த எழுபது? அதுவும் மில்லிமீட்டரில் உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எங்கேயோ உதைத்தது. வீணா தன் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து டயரின் பக்கவாட்டில் வைத்தாள். "எழுபது இல்லீங்க, நூறுக்கு ஒண்ணு மேலயே இருக்கு." பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு! ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று பாஷை பேசுகிறவன் எவனோ, அவனை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அசோகன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிவாஜிநகரில் பழைய டயர்க் கடைக்காரர் ஒரு பாய், டயர் மலைக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "சின்ன டயரா? க்யா சாப், எல்லாரும் பெரிசு கேட்டு வர்றான், நீங்க சின்னது கேக்கறீங்க. மாருதிக்கு இதுக்குக் கீழ டயரே இல்ல."

அசோகன் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரு மூலையில் தேய்ந்து மொட்டையாகிப்போன டயர்களைப் பார்த்து நின்றார். தேய்ந்த டயர் என்றால் சின்ன டயர்தானே! ஆனால் வழவழவென்று இருந்தால் மண்ணில் பிடிக்காது. "வெட்டுப் போட்டுத் தர்றேன் சாப்," என்றார் பாய். சூடாக்கிய வளைந்த கத்தியால் மொட்டை டயரில் பள்ளம் பள்ளமாகக் கோடு இழுத்தார். ரப்பர் கருகும் நாற்றம் தெரு முழுக்க அடித்தது. "ரோட்டுல நக்கோ. கிரவுண்டுல மட்டும் போடுங்க."

வண்டியை இழுப்பது முன்சக்கரங்கள்தான், பின்சக்கரம் சும்மா கூட வருவது. அதனால் முன்னால் இந்த இரண்டு தேய்ந்த டயர். பின்னால், சாமான் ஏற்றும் மாருதி வேனுக்குப் போடுகிற உயரமான, கெட்டி ரப்பர் டயர் இரண்டு. அது மண்ணில் சீக்கிரம் வழுக்கும், வண்டியின் பின்பக்கம் தானாகத் திரும்பும், வளைவு சுலபமாகும். மாட்டிப் பார்த்தால் வண்டி பின்னழகைத் தூக்கிக்கொண்டு தரையை மோந்து பார்ப்பதுபோல் நின்றது. வீணா சிரித்துச் சிரித்துத் திண்டாடினாள். அசோகன் வழக்கம்போல வலது முன்சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுத் தள்ளிப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைந்திருந்தது.

ஊருக்கு வெளியே காலி இடத்தில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் கியர் எந்த வளைவிலும் விக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. ஸ்டியரிங்கை விட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது. "லெஃப்ட்ல இழுக்குதுங்க," என்றாள் பக்கத்தில் இருந்த வீணா. "அது நான்தான். சாஞ்சே உக்காந்திருப்பேன்," என்றார் அசோகன். எதுவானாலும் இடப்பக்கம் சாய்ந்தால் அது தன் கால் செய்கிற வேலைதான் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே முடிவான விஷயம். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

அடுத்த போட்டியன்று வீணாவோடு மைதானத்துக்குப் போனதும் நேராக ஆராவமுதனிடம் போனார். "சார், எனக்கு நம்பரும் டைமும் மட்டும் படிச்சா போதும். வேற எதுவும் வேணாம்."

"உங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கட்டுமேன்னு..."

"வேணாம் சார்." குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அசோகனின் முறை வந்தது. கிளம்பினார், இரண்டாம் கியர் போட்டார், இடது காலை எடுத்து ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு அதற்கு வேலையே இல்லை. முதல் கொண்டை ஊசியில் முன்பக்கம் மண்ணைக் கடித்து இழுத்தது, பின்பக்கம் தூசியைக் கிளப்பிக்கொண்டு வாலைச் சுழற்றியது. நேரான இடத்தில் என்ஜின் காது கிழியக் கத்தியது. கத்தட்டும் என்று விட்டார். வலப்பக்க வளைவுகளில் மட்டும் வண்டியோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கோட்டைத் தாண்டி நிறுத்தியபோது வாய்க்குள்ளெல்லாம் செம்மண்.

மைக் கரகரத்தது. "கார் நம்பர் பதினேழு." ஆராவமுதன் கையிலிருந்த சீட்டை இரண்டு தடவை பார்த்தார். "ஒரு நிமிஷம் பதினோரு செகண்ட்."

அவ்வளவுதான். யாரும் தட்டவில்லை. அந்தப் பிரிவில் அதுவரை ஓடினவர்களில் அது மூன்றாவது நல்ல நேரம். அங்கங்கே முணுமுணுப்பு, யாரோ விசில் அடித்தான், ஒருவன் 'எந்த வண்டிடா அது' என்று கேட்டான். அசோகன் ஹெல்மெட்டுக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாகக் கேட்க நினைத்த வாக்கியம் அது.

ஆனால் அந்தச் சந்தோஷம் அவர் ஹெல்மெட்டைக் கழற்றும்வரைகூட நிற்கவில்லை. நாகேஷ் என்கிற பிரிண்டிங் பிரஸ்காரர் அதுவரை மூன்றாவதாக இருந்தவர், இப்போது நான்காவதுக்குப் போய்விட்டார். அவர் நடுவர்களின் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றார். "அந்த வண்டியப் பாருங்க சார்! முன்னாடி ஒரு சைஸு, பின்னாடி ஒரு சைஸு! இது இன்னா கோல்மாலு? யார்ரா அவன், எறங்கச் சொல்லுங்க கீழ!"

அசோகன் காருக்குள் உட்கார்ந்தபடி இதைக் கேட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து அவரை யாரும் இப்படித் திட்டினதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, ஆபீஸிலும் இல்லை. அவரோடு சண்டைக்கு வருவது பாவம் என்று எல்லாரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். இந்த ஆள் என்னடாவென்றால் அவரை ஒரு முழு எதிரியாகப் பார்க்கிறான். கதவைத் திறந்து இறங்கினார், இறங்கி மேஜையை நோக்கி நடந்தார்.

நாகேஷின் பார்வை பூட்ஸின் மேல் விழுந்தது. முகமே மாறிப்போயிற்று. "ஐயோ, சாரிங்க சார். எனக்குத் தெரியாது. விடுங்க சார், கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிக்கறேன். பரவால்ல, அவரே இருக்கட்டும்."

அசோகனுக்கு வந்த கோபத்தை அங்கிருந்த யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "வாபஸ் வாங்காதீங்க! இன்னா பரவால்ல? இப்ப இன்னா தெரிஞ்சிச்சு உங்களுக்கு? கம்ப்ளைண்டு குடுத்தீங்க இல்ல, அளக்கச் சொல்லுங்க. சார், அளங்க சார். முன்னாடி பின்னாடி வேற வேற இருக்கலாம், ரூல் அப்பிடித்தான் இருக்குது. ஒரே அச்சுல இருக்கற ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதான். அளங்க!"

ஓஸ்வால்ட் வந்து அவர் தோளைத் தொட்டார். "டேய், அவரே விட்டுடறேங்கறார் இல்ல." அசோகன் கையைத் தட்டிவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஒரு நடுவர் டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். பின்சக்கரம் இரண்டும் சரி. வலது முன்சக்கரத்தைச் சுற்றி டேப்பை ஓட்டினார், சரி. இடது முன்சக்கரத்துக்குப் போனார். அளந்தார், நெற்றியைச் சுருக்கினார், டேப்பை அவிழ்த்து மறுபடி அளந்தார். பிறகு தயங்கித் தயங்கி நிமிர்ந்தார். "சார், லெஃப்ட்டு சின்னதா இருக்கு. சுத்தளவுல ரெண்டு விரல் கம்மி."

அசோகன் அவரிடமிருந்து டேப்பை வாங்கித் தானே மண்டியிட்டு அளந்தார். ரெண்டு விரல் குறைவுதான். இடது டயர் வலதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. சாக்கடை ஓரமாக நின்ற அந்தப் பக்கத்து டயரில் அவர் ஒரு நாளும் கோடு போடவில்லை, ஒரு நாளும் அளக்கவில்லை. வண்டி இடது பக்கம் இழுத்ததற்கு அதுதான் காரணம். அவருடைய கால் இல்லை. அவர் சாய்ந்து உட்காரவும் இல்லை. இத்தனை நாளும் செய்யாத குற்றத்துக்குத் தன் காலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தார்.

நடுவர்கள் சங்கடத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சின்ன வித்தியாசம்தானே..." என்று ஒருவர் இழுத்தார். "ரூல்ல அப்பிடி இருக்கா சார்?" என்று கேட்டார் அசோகன். இல்லை என்றார்கள். "அப்ப எடுத்துடுங்க."

மைக் மறுபடி கரகரத்தது. ஆராவமுதன் இந்தத் தடவையும் அசோகன் கேட்டுக்கொண்டபடி விஷயத்தை மட்டும் படித்தார். "கார் நம்பர் பதினேழு, டயர் அளவு சரியில்லாததால் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. இப்போதைக்கு மூன்றாம் இடம், மறுபடியும் கார் நம்பர் ஆறு." அடுத்த வண்டி கிளம்பியது, எல்லாரும் அதைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள்.

நாகேஷ் கிளம்பும்போது பக்கத்தில் வந்தார். வண்டியின் டயர்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு அவருக்கும் வீம்பு வந்திருக்க வேண்டும். "அடுத்த மாசம் வருவீங்க இல்ல? நாலு டயரையும் நானே அளப்பேன்."

"அளங்க," என்றார் அசோகன். "உங்களுத நான் அளக்கறேன்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சந்திரம்மா வாசலில் நின்றிருந்தாள். "இன்னாப்பா, பிரைசு வந்துச்சா?"

"ஆட்டத்திலேர்ந்தே தூக்கிட்டாங்க சந்திரம்மா!" என்றார் அசோகன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. சந்திரம்மா ஒன்றும் புரியாமல் வீணாவைப் பார்த்தாள். வீணாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குறும்பாகக் கைதட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். அசோகன் முறைத்த முறைப்பில் இறக்கிக்கொண்டாள்.

பிறகு அவர் வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வண்டியின் இடது பக்கம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினார். பாக்கெட்டிலிருந்த சாக்பீஸை எடுத்து, பூட்ஸ் காலை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்து, இடது முன்சக்கரத்தில் ஒரு கோடு போட்டார்.